தண்ணீருக்கு இருபது சொட்டு

கலவை அறைக்குப் பூட்டுப் போட்டு அறுபத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. கம்பெனி விதிப்படி எழுபத்திரண்டாவது மணியில், அதாவது இன்று பதினொரு மணிக்கு, அத்தான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

தாளில் என்ன இருக்கும் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் மனப்பாடம். 'பாலிசார்பேட்டைத் தவறுதலாக இரண்டு முறை ஊற்றிவிட்டேன்.' அவ்வளவுதான். மருந்து கரைவதற்காக அளந்து ஊற்றும் திரவம் அது. போட்டுவிட்டால் தொட்டி நிறைய நிற்கும் கைக்குழந்தைகளுக்கான காய்ச்சல் சொட்டு மருந்து கழிவுக்குப் போகும். பதினாறு வருடமாக அத்தான் பார்த்துவந்த கலவை வேலையும் அதோடு போகும். அட்டைப்பெட்டி அடுக்கக் கிடங்குக்கு அனுப்புவார்கள். மனம் வந்தால்தான் அதுவும்.

அத்தான் தேநீரில் சர்க்கரை போட்டார். கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"போட்டேனா?"

"போட்டாச்சு. இன்னொரு கரண்டி போட்டா உங்க மருந்து கதைதான்" என்றாள் அக்கா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அத்தான் கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். "முதல் நாள் ஊத்தலன்னு அடிச்சு சொன்னேன். மூணு நாளா யோசிச்சு யோசிச்சு, இப்போ ஊத்தின மாதிரியே ஞாபகம் வருதுடி" என்றார். "கேன் கையில இருக்கு. சாய்க்கிறேன். மறுபடி சாய்க்கிறேன். கண்ணு முன்னாடி தெரியுது."

"ஆனைக்கும் அடி சறுக்கும். குடிங்க, ஆறிடும்."

எதிரே உட்கார்ந்திருந்த தங்கை தலையை நிமிர்த்தவில்லை. அதே கம்பெனியில் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. மருந்தில் தப்பு என்று கண்டுபிடித்தது அவள்தான். ஒரு வீட்டுக்குள் சோறு தின்று, அந்த வீட்டுக்காரர் தலையில் கல்லைப் போட்டவள் என்று அக்கா ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"பாப்பா, நேரமாச்சு பாரு. பஸ்ஸை விட்டுடாதே" என்றார் அத்தான்.

பேருந்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. கண்ணை மூடினால் கண்ணாடிக் குழாயின் நுனிதான் தெரிந்தது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழ மனமில்லாமல் தொங்கியது.

திரவத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்ளும். பரப்பு இழுவிசை என்று கல்லூரியில் படித்தாள். அந்தத் தோல் எவ்வளவு இறுக்கமோ, சொட்டு அவ்வளவு பெரிதாகத் திரண்ட பிறகே விழும். அவர்களுடைய குழாயில் ஒரு மில்லி தண்ணீர் இருபது சொட்டாக விழும். பாலிசார்பேட் அந்தத் தோலைத் தளர்த்திவிடும்; சொட்டு சிறுத்து, எண்ணிக்கை கூடும். காய்ச்சல் மருந்தில் அளவாக ஊற்றினால் இருபத்தைந்து. திங்கட்கிழமை அவள் எண்ணியபோது முப்பத்தொன்று.

பத்துச் சொட்டுக் கொடுங்கள் என்று சீட்டில் போட்டிருக்கும். சொட்டு சிறுத்தால் குழந்தைக்கு மருந்து குறையும், காய்ச்சல் இறங்காது. ஆகவே பூட்டியது சரிதான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

எட்டு மணிக்குக் கூடத்தில் ஆளில்லை. அவள் பையைக்கூடக் கழற்றி வைக்காமல் குழாயை எடுத்தாள். முந்தின நாள் மாலை வழக்கம்போல அவளே கழுவி வைத்தது. குழாய் கழுவும் அமிலக் கரைசல் தீர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. நீர் வடிக்கும் கருவியும் போன சனிக்கிழமை பழுதாகிவிட்டது. வடிநீர் வெளியிலிருந்து கேனில் வருகிறது, அதுவும் அளந்துதான். அதனால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஊறவைத்து, முன்பு போல நிறைய அலசாமல் வடிநீரில் இரண்டே முறை அலசிக் கவிழ்க்கிறார்கள். எழுதி வைக்காத, எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

குழாயை அப்படியே நிறுத்தி, வெறும் தண்ணீரை ஊற்றி எண்ணினாள்.

இருபத்தாறு.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். சோப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பரப்புக் கவர்ச்சி என்று அதற்கும் ஒரு பெயர் உண்டு, ஐந்து மதிப்பெண் கேள்வி. பிறகு எழுந்து, கேனைத் திறந்து குழாயை அலசத் தொடங்கினாள். பத்து முறை, இருபது, முப்பது. கை விரல்கள் சுருங்கின. மறுபடி தண்ணீர்: இருபது. அத்தான் கலந்த மருந்து: இருபத்தைந்து. இன்னொரு தடவை இருபத்தைந்து. இன்னொரு தடவையும்.

மருந்தில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு அழுகையோ சிரிப்போ வந்திருக்க வேண்டும். கால் வலிதான் தெரிந்தது. மேசையில் சோதனைக் குறிப்பேடு கிடந்தது. திங்கட்கிழமைப் பக்கத்தை அவள் திறக்கவில்லை.

ஒன்பதரைக்கு மேடம் வந்தார். கூடத்தின் தலைமை அவர்தான். முழங்கால் வலியோடு மாடி ஏறி வருவதால் முதல் வார்த்தை எப்போதும் காரமாகத்தான் இருக்கும்.

"என்ன ஊமைக்கோட்டான், கேன் பாதி காலி? அதுலயே குளிச்சியா?"

"குழாயை அலசினேன் மேடம். அதுல சோப்பு இருந்திருக்கு. இன்னிக்கு எண்ணினா மருந்து இருபத்தஞ்சுதான் வருது."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மேடம் கேட்டதில்லை. கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நானும்தானே அன்னிக்கு எண்ணினேன். எனக்கும் முப்பத்தொண்ணுதான் வந்தது."

"அதே குழாய்தான் மேடம். அதே மாதிரி கழுவித்தான் நான் குடுத்தேன்."

மேடம் குறிப்பேட்டைப் புரட்டினார். திங்கட்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்து, அவள் பக்கம் திருப்பினார்.

"படி."

அவள் படிக்கவில்லை.

"நானே படிக்கிறேன். காலை எட்டே கால், தண்ணீர், இருபது சொட்டு. கீழ உன் கையெழுத்து. தினமும் முதல்ல தண்ணியை எண்ணுறது எதுக்கு? குழாய் சுத்தமான்னு பார்க்கத்தானே? சோப்பு இருந்தா தண்ணி எப்படி இருபது காட்டும்?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் குழாய் சுத்தம்னு நீயே எழுதி வச்சிருக்கே. இன்னிக்கு மூணாம் நாள், கையெழுத்துப் போடுற நேரம் பார்த்து, இருபத்தஞ்சுங்கிறே. அவர் உன் அக்கா வீட்டுக்காரர்னு வாசல்ல இருக்கிற காவலாளிக்குக்கூடத் தெரியும். மேல என்ன கேப்பாங்க? சொந்தக்காரருக்காகப் பொய்க் கணக்கு எழுதுறியான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?" மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு மட்டும் அவரை அனுப்ப ஆசையா? சொல்றதுக்கு வேற ஏதாவது இருந்தா சொல்லு."

இருந்தது. சொன்னால் அவள் எழுதிய எந்தப் பக்கத்தையும் இனி யாரும் நம்பமாட்டார்கள். பரிசோதனைக் கூடத்தில் எண்ணத் தெரியாதவளை வைத்துக்கொள்வார்கள். எழுத்தை நம்ப முடியாதவளை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளமாட்டார்கள். அவள் தன் மேசைக்குப் போய், சுத்தமான குழாயை மறுபடியும் அலசினாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அத்தான் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அக்காதான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கலவை அறையைத் தாண்டி வந்தவர் பூட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேடம் தாளை நகர்த்தினார். "படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க. உங்க மச்சினி காலையிலேருந்து உங்களுக்காக என்னோட மல்லுக்கு நிக்குது."

"சின்னப் பொண்ணு மேடம், மனசுல வச்சுக்காதீங்க" என்றார் அத்தான். பேனா மூடியைத் திறந்தார். "நான்தான் ஊத்தியிருப்பேன். நல்லா ஞாபகம் வருது. ரெண்டு தடவை."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் தாளைப் படிக்கக்கூட இல்லை. பேனா முனையைக் கோட்டின் மேல் வைத்தார்.

"போடாதீங்க அத்தான்."

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"திங்கட்கிழமை நான் தண்ணியை எண்ணவே இல்ல மேடம். தினமும் இருபதுதானே வருதுன்னு, எண்ணாமலே இருபதுன்னு எழுதிட்டேன்."