வட்டத்துக்குள் இரண்டு புள்ளிகள்

1

என் அக்காவைக் கேலி செய்யத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிப்பதற்குள் நானே சொல்லிவிடுவது மேல்.

அக்கா ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமி வளர்ப்பவள். நோயாளியின் சீழைத் தட்டில் தடவி, இன்குபேட்டர் சூட்டில் ஒரு இரவு வைத்து, என்ன முளைத்திருக்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று மறுநாள் எழுதிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவாள். ஞாயிறன்று கடவுள் உலகைப் படைத்த கதையைச் சொல்லிவிட்டு, திங்களன்று ஆய்வகத்துக்குப் போவாள். அங்கே, போன வருடம் ஒரு மருந்துக்குச் செத்த கிருமியின் வாரிசுகள் இந்த வருடம் அதே மருந்துக்குள் சொகுசாகக் குடித்தனம் நடத்துவதைப் பார்ப்பாள். இன்குபேட்டர் கதவைத் திறக்குமுன் நெற்றியிலிருந்து மார்புவரை சிலுவை அடையாளம் வரைந்துகொள்வாள். "உள்ளே இருக்கிறது கிருமியா, நற்கருணை அப்பமா?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்களாம்.

பரிணாமம் ஒரு படகு, படைத்தவர் ஒரு படகு, இரண்டிலும் கால் வைத்தவள் என்று எழுத நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான்தான். (பேச்சுக்குச் சொல்லவில்லை. விபத்தில் முறிந்த என் வலது காலுக்குள் தகடு வைத்தார்கள். தகட்டின் மேல் கிருமி குடியேறிவிட்டது. இரண்டு மருந்துகள் தோற்றுவிட்டன. மூன்றாவதும் தோற்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அக்காவின் ஆய்வகம் இருக்கும் அதே மருத்துவமனையின் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: "அவள் இன்குபேட்டரைத் திறந்தபோது கடவுள்—"

வேண்டாம். கடவுளை முதல் வரியிலேயே வேலைக்குக் கூப்பிட்டால் கடைசி வரிவரை அவருக்கு வேலை கொடுக்க வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "அறிவியலுக்கும் நம்பிக்கைக்கும் இடையே நெடுங்காலமாக—"

இது பேச்சுப் போட்டி.

மூன்றாவது, நடந்ததை நடந்தபடியே சொல்வது. வேறு வழியில்லாதபோதுதான் எனக்கு இந்தப் புத்தி வரும்.

இன்று காலை அக்கா லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி ஓடிவந்தாள்.

"டேய் கதைக்காரா! வட்டம் விழுந்திருக்குடா. பெரிய வட்டம்!"

தட்டு முழுக்கக் கிருமியைத் தடவி, நடுவே மருந்து ஊறிய சின்னக் காகிதப் பொட்டை வைப்பார்கள். மருந்து பலித்தால் பொட்டைச் சுற்றி எதுவும் முளைக்காது. தெளிவான வட்டம் ஒன்று விழும். மூன்றாவது மருந்துக்கு விழுந்த அந்த வட்டம்தான் என் கால்.

"கீழ ஜெப அறையில மெழுகுவத்தி ஏத்தி, நன்றி சொல்லிட்டுத்தான் வர்றேன்" என்றாள். நான் நம்பாதவன். ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். இந்த முறை ஓடிவரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அவசரத்துல வெளிச்சத்துல தூக்கிப் பாக்கலடா. வட்டத்துக்குள்ள ரெண்டு புள்ளி இருக்கு."

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் விஷயம் அது: தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்க்காமல் வாயைத் திறக்காதே. இத்தனை வருடத்தில் அக்கா அதைத் தவறவிட்டது இன்றைக்குத்தான்.

"அப்படின்னா?"

"காத்துல வந்து விழுந்த வேற எதுவாவும் இருக்கலாம். இல்லன்னா உன் கிருமியிலயே இந்த மருந்துக்கும் சாகாதது ரெண்டு. அதை மட்டும் எடுத்துப் புதுத் தட்டுல போட்டு, மருந்து வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில தெரியும்."

என் கண் காலுக்குப் போனது. அவள் கவலையோ வேறாக இருந்தது.

"நன்றி சொல்லிட்டேனேடா. சொன்ன நன்றியை எப்படித் திருப்பி வாங்குறது?"

3

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் ஃபாதர்.

முதல் பிரதியில் அவருக்குத் தொப்பையும் இடிக்குரலும் கொடுத்திருந்தேன். "உங்க தாத்தா குரங்கா?" என்று கத்துவார். அடித்து வீழ்த்த வசதியான ஆள்.* ஆனால் மதியம் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவந்த நிஜ ஃபாதர் ஒல்லிக்குச்சி. அதைவிட மோசம், முன்பு பள்ளியில் உயிரியல் நடத்தியவர். பரிணாமத்தோடு திருச்சபைக்குச் சண்டை இல்லை, உயிர் எப்படி மாறி வந்தது என்பது ஒரு கேள்வி, எதுவுமே ஏன் இருக்கிறது என்பது வேறு கேள்வி என்று சாதாரணமாகச் சொன்னார். என் வில்லன் போய்விட்டான்.

(* இங்கே ஒரு குரங்கு ஜோக் இருந்தது. எடுத்துவிட்டேன். படித்துக் காட்டியபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அதை வைத்து அவளை எப்படிக் கேலி செய்வது?)

அக்கா அவரை விடவில்லை.

"புதுத் தட்டை உள்ள வைக்கும்போது கை நெத்தி வரைக்கும் போச்சு ஃபாதர். அங்கேயே நின்னுடுச்சு. என்னன்னு கேக்குறது? அந்த ரெண்டும் கிருமிதான்னா, மருந்தைப் பாத்துக் கத்துக்கல. முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கு. மருந்து மத்ததையெல்லாம் கொன்னு, அதுங்களுக்கு இடம் காலி பண்ணிக் குடுத்திருக்கு. ஆனதை ஆகாம போக வைன்னு கேக்கவா?"

"அவருக்கு நேத்து, நாளைன்னு கிடையாதும்மா. நீ இனிமே கேக்கப் போறதும் அவருக்கு எப்பவோ கேட்டிருக்கும்."

"அவருக்குக் கிடையாது. எனக்கு இருக்கே."

அக்காவின் குரல் உயர்ந்தது.

"உயிர்கள் தானா மாறி வர்ற மாதிரி அவர்தான் உலகத்தைச் செஞ்சார்னு பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுக்குறேன். மீன் கரையேறுச்சு, இறக்கை முளைச்சுதுன்னு சொல்றப்ப அழகாத்தான் இருக்கு. அதே வேலைதானே இவன் கால்லயும் நடக்குது? மீனுக்கு ஒரு கடவுள், இதுக்கு ஒரு கடவுளா?"

ஃபாதர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரே கடவுள்தாம்மா" என்றார். பிறகு மெதுவாக, "அதுதான் எனக்கும் பயமா இருக்கு."

இந்த வரியை நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். கேட்க நேர்ந்ததால் தூக்கம் போய்விட்டது.

4

மாலையில் கட்டுரை எழுதும் ஆசை வந்தது. பாருங்கள்:

"படைப்பவன் திருத்திக்கொண்டே இருக்கிறான். அடித்த வரிகளின் மேல்தான் நல்ல வரி நிற்கிறது. எழுத்தாளன் நூறு வாக்கியங்களைக் கொன்று ஒன்றை வாழவிடுகிறான். அப்படியானால் பரிணாமமும் ஒரு கைப்பிரதி என்று—"

வேலை முடிந்து வந்த அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "நீ அடிச்ச வரிக்கு வலிக்காதுடா" என்றாள்.

அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. உங்கள் முன்னால் அப்படியே கிடக்கட்டும்.

பயமாக இருக்கிறது. இதை எதனோடும் ஒப்பிடாமல் சொல்கிறேன். போர்வைக்குள் அடிக்கடி கட்டைவிரலை அசைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நாளைக்குள் அது எங்கும் ஓடிவிடாது என்று தெரியும். ஆனாலும் பார்க்கிறேன்.

5

அவள் அடுத்த தாளையும் எடுத்துவிட்டாள். அதில் இது இருந்தது:

முடிவு அ: அவள் தட்டை வெளிச்சத்தில் உயர்த்தினாள். புதுத் தட்டு பளிச்சென்று இருந்தது, எதுவுமே முளைக்கவில்லை. அந்தப் புள்ளிகள் எங்கிருந்தோ வந்து விழுந்த தூசு. தம்பி நடந்து வீட்டுக்குப் போனான்.

முடிவு ஆ: அவள் தட்டை வெளிச்சத்தில் உயர்த்தினாள். பொட்டின் விளிம்புவரை கிருமி முளைத்திருந்தது. அவள்—

"அவள்னு போட்டு ஏன் நிறுத்திட்ட?"

"நீ என்ன பண்ணுவேன்னு தெரியல."

"எனக்கே தெரியல. அதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?" தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ரெண்டு முடிவையும் ஜம்முனு எழுதி வச்சுக்கிட்ட. எது வந்தாலும் உனக்குக் கதை கிடைச்சிரும். எனக்கு ஒண்ணுதான்டா கிடைக்கும். இப்ப நான் இங்க உக்காந்திருக்கிறப்பவே அது அந்தத் தட்டுல முளைச்சுக்கிட்டு இருக்கு."

சொந்தப் பாத்திரத்திடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட எழுத்தாளன் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

"நாளைக்கு நான் கதவைத் திறக்கும்போது நீ எழுதிட்டு இருக்காதே. முடிவு வைக்காதே. சத்தியம் பண்ணு."

"யார் மேல பண்றது? நான்தான் நம்பாதவனாச்சே."

"என் மேல பண்ணு."

செய்தேன்.

6

அதனால் முடிவு என்னிடம் இல்லை. எது வந்தாலும் அக்கா கடவுளை விடமாட்டாள் என்று நினைக்கிறேன். கிருமி மாறுகிறது என்பதையும் விடமாட்டாள். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

போகும்போது கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். போர்வையை விலக்கினாள். கட்டுக்கு வெளியே தெரிந்த என் கட்டைவிரலின் மேல் தன் விரலால் சின்னதாக ஒரு சிலுவை வரையத் தொடங்கினாள். மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்குக் கோடு போடுவதற்குள் கை நின்றுவிட்டது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. மீதியை நாளைக்கு அங்க போட்டுக்குறேன்."

நீங்கள்தான் அவளோடு போக வேண்டும். ஆய்வகம் தரைத் தளத்தில், நீண்ட நடையின் கடைசியில் இருக்கிறது. இன்குபேட்டர் கதவின் கைப்பிடி உங்கள் பக்கம். திறக்கலாம், தடையில்லை. ஒன்றே ஒன்று: உடனே திறக்காதீர்கள். அவள் கை நெற்றி வரைக்கும் போயிருக்கும். அது கீழே இறங்குகிறதா என்று ஒரு நொடி பாருங்கள்.