ரீமின் தும்மல்

எங்கள் முயல்வேட்டை ஸ்லூகி ரீம் தும்மியதில் ரத்தம் தெறித்தது. நேற்று ஆட்டுக் கொம்பு கீறியிருந்த என் மகள் நுவாராவின் முழங்கையில், அந்தக் கீறலிலேயே பட்டது. பிள்ளையை இழுத்துப்போய் சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். எரியுது எரியுது என்று அலறினாள். நான் விடவில்லை.

அறுத்த பார்லி வயலில் முயலை விரட்டிவிட்டு வந்ததிலிருந்தே ரீமுக்கு ஓயாத தும்மல். என் நாத்தனார் யமீனாதான் ஆரம்பித்து வைத்தாள். "என்னா ஓட்டம்னு அந்த ஆட்டு யாவாரி வாயப் பொளந்தான்ல? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது மதினி."

என் புத்தி எங்கே போயிற்றோ! ஹர்மல் விதையை நெருப்பில் போட்டு ரீமின் மூக்குக்கு நேரேயே புகை காட்டினேன். மனுஷருக்கே தும்மல் வரவழைக்கும் புகை. அது தும்மத் தும்ம, கண்ணேறு கழிகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். அப்புறம்தான் ரத்தம்.

மந்தையை ஓட்டிக்கொண்டு திரும்பிய என் கணவர் மப்ரூக், ரத்தத்தையும் பிள்ளையின் கையையும் பார்த்தார். துப்பாக்கியை எடுத்துவிட்டார்.

"போன மாசம் நரியோட கட்டிப் பொரண்டுச்சுல்ல? வெறிநோய்தான். தள்ளுடி, அந்த நாயச் சுடணும்."

நாய் என்றார். எங்கள் பக்கத்தில் ஸ்லூகி என்கிற வேட்டை இனத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாய் வெளியே கிடக்கும், ஸ்லூகி கூடாரத்துக்குள் எங்கள் கம்பளத்தில் படுக்கும். குட்டியில் ரீமைத் தன் அங்கிக்குள் பொத்தி வளர்த்த மனுஷர் இவர். நான் விலகவில்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! மூக்கப் பாத்துட்டுச் சுடுங்க."

"கடிச்சா நீயும் போயிருவடி."

பயம் எனக்கு மட்டும் இல்லையா? ஆனால் ரீமுக்கு வெறி என்றால் என் பிள்ளைக்கும் அதே கதிதானே. அது வெறி இல்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மண்டியிட்டு அதன் முகத்தைப் பிடித்தேன். ரத்தம் ஒரு துவாரத்தில் மட்டும்தான் வந்தது. அந்தப் பக்கத்தையே முன்னங்காலால் பிராண்டிக்கொண்டது. வெளிச்சத்துக்குத் திருப்பினால், உள்ளே மெல்லிசாக என்னவோ தெரிந்தது. நகத்தால் பிடித்து இழுத்தேன். ரீம் ஓலமிட்டு என் மணிக்கட்டைக் கவ்வியது. கவ்வியதே தவிர, பல்லை அழுத்தவில்லை. வந்துவிட்டது. பார்லிக் கதிரின் முள், ரத்தத்தில் ஊறி, விரல் நீளத்துக்கு!

"பாருங்க! இந்தச் சனியன்தாங்க!"

அவர் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. "முள்ளும் இருக்கலாம், வெறியும் இருக்கலாம். தண்ணி வை. வெறி புடிச்சது தண்ணி குடிக்காது. குடிக்குதான்னு பாப்போம்."

யமீனா தூர நின்றே தண்ணீர்ச் சட்டியைக் காலால் தள்ளினாள். நுவாரா ஈரக் கையோடு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். ரீம் சட்டியருகே போய்க் கழுத்தை நீட்டியது. மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழுந்து தண்ணீர் கலைந்தது. தண்ணீர் அடங்குகிறவரை ரீம் அதையே பார்த்துக்கொண்டு நின்றது, வாயைத் திறக்காமல்.