மழையோடு பேசாத அம்பயர்

1908ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலிருந்து பிலோமினம்மாள் மீது மழை பெய்வதில்லை. சிங்கப்பூர் முழுக்கக் கொட்டினாலும், அவள் நிற்கும் இடத்தைச் சுற்றி நடுத்தரக் கல்யாணப் பந்தல் அளவுக்குத் தரை காய்ந்தே கிடக்கும். அவள் நடந்தால் அந்தக் காய்ந்த வட்டமும் கூடவே நடக்கும். அவள் கணவன் அற்புதராஜ் படகுத்துறையிலிருந்து செரங்கூன் ரோட்டுத் தேக்காவுக்குச் சரக்கு ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரன். அந்த டிசம்பரில் ஒருநாள் மழையில் வண்டி ஓட்டிப் போனவன் காய்ச்சலோடு திரும்பினான், ஒரு வாரம் தாங்கவில்லை. பிடாடரி இடுகாட்டில் அவனை அடக்கம் செய்தபோதும் மழை விடவில்லை. குழி நிறையத் தண்ணீர் நின்று, பெட்டி கீழே இறங்க மாட்டேன் என்று மிதந்தது. அப்போதுதான் அவள் வானத்தைப் பார்த்துக் கத்தினாள். "பாவி மழையே, கொன்னதும் நீ, பொதைக்க விடாததும் நீ. இனிமே என் மூஞ்சியில முழிக்காத. ஒனக்கும் எனக்கும் பேச்சு இல்ல." மழைக்கும் ரோஷம் இருந்திருக்கிறது. சொன்ன இடத்திலேயே அவளை விட்டு விலகிக்கொண்டது. குழியும் வற்றியது. அடக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பும் வழியெல்லாம் அவளை ஒட்டியே நெருக்கியடித்துக்கொண்டு, நனையாமல் செரங்கூன் ரோடு வந்து சேர்ந்தார்கள்.

தேக்கா இதைப் பெரிதுபடுத்தவில்லை. எருமைக் கொட்டகைகளும் செங்கல் சூளைகளும் பல பாஷைச் சண்டைகளும் நிறைந்த இடத்தில், ஒரு பெண்ணுக்கும் மழைக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது என்ன பெரிய சேதி. எருமை வீதிக்குப் பக்கத்துச் சந்தில் காலையில் அவள் சுட்டு விற்ற ஆப்பத்துக்கு மழை நாளில்தான் கூட்டம் அதிகம், அடுப்பைச் சுற்றி நனையாமல் நிற்கலாம் அல்லவா. ஆனால் அவள் கொல்லையில் போட்ட கீரை முளைக்கவில்லை. கூரையின் அத்தாப்பு ஓலை காய்ந்து, காற்றடித்தால் சலசலத்தது. எதிர்ப்புறம் காய்கறி போட்டிருந்த சீனக் கிழவர், நாற்று நடும் நாட்களில் தன் பக்கம் வரவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அவள் மழைக்கு ஏங்கினாள். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. சந்துக் குழந்தைகள் தெருமுனையில் நனைந்து கூத்தடிக்கும்போது அவள் எழுந்து அந்தப் பக்கம் நாலடி வைப்பாள். மழை நாலடி பின்வாங்கும். குழந்தைகள் "வராதீங்க ஆயா" என்று கத்துவார்கள். அவள் திரும்பிவந்து அடுப்படியில் உட்கார்ந்துகொள்வாள்.

லூர்து மாதா கோயில் சாமியார் வெள்ளைக்காரர், ஆனால் தமிழில் திட்டக்கூடத் தெரிந்தவர். அவள் அவரிடம் வழி கேட்டாள். அவர் யோசித்துச் சொன்னார்: "உன் வாய் ரொம்பக் கெட்டி, பிலோமினா. பொறந்ததுலேருந்து யார்கிட்டயாவது என் தப்புன்னு சொல்லியிருக்கியா? மழைகிட்டப் போய்க் கேக்க வேண்டாம். எந்த மனுசன்கிட்டயாவது ஒரு வாட்டி வாய்விட்டுச் சொல்லு, மழை கேட்டுக்கும்."

"செய்யாத தப்ப எப்படி சாமி சொல்றது?" என்று கேட்டுவிட்டு அவள் வந்துவிட்டாள். பொய்யாகச் சொல்லவும் அவளுக்கு வராது. சாமியார் சொன்னதை மட்டும் பக்கத்து வீட்டுச் சம்சுன்னிசாவிடம் சொன்னாள். சம்சுன்னிசாவிடம் சொன்னால் தேக்காவுக்கே சொன்ன மாதிரி.

இனி கிரிக்கெட் கழகத்துக்கு வருவோம். அதன் பெயர் செரங்கூன் ரோடு சனிக்கிழமைக் கழகம். அதில் இருந்தவர்கள் அத்தனை பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அரசாங்கக் குமாஸ்தாக்கள். சனிக்கிழமை அரைநாள் அலுவலகம் முடிந்ததும் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு மட்டையைத் தூக்குவார்கள். தலைவர் விஸ்வலிங்கம் நில அளவை அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. கனவில்கூடக் கோப்பு வரிசைப்படி வரும் மனிதர். குதிரைப் பந்தயத் திடலுக்குப் பின்னாலிருந்த ஒரு சதுப்பு நிலத்தை, அவர் நகராட்சியிடம் மூன்று வருடம் அலைந்து கழகத்துக்கு வாங்கியிருந்தார். வாரா வாரம் அங்கே ஆட்டம் நடக்க வேண்டும், தொடர்ந்து மூன்று சனிக்கிழமை ஓர் ஆட்டமும் முடியாமல் போனால் நிலம் எருமை வியாபாரிக்குப் போய்விடும் என்பது நிபந்தனை. வெள்ளைக்காரர்களுக்குக் கடற்கரையோரம் பட்டுப்போன்ற புல்தரை இருந்தது. இவர்களுக்கு இந்தச் சேறுதான், ஆனாலும் தங்கள் சேறு. வெயில் காலத்தில் கவலை இல்லை. நவம்பர் வந்தால் சனிக்கிழமை மத்தியானம் என்று பார்த்து மழை வரும். பந்து வீச நடுவில் விரித்த கயிற்றுப்பாயில் தவளை உட்காரும். 1909 நவம்பரில் இரண்டு சனிக்கிழமை இப்படிப் போனதும், விஸ்வலிங்கம் ஒரு காலை நேரத்தில் ஆப்பம் வாங்க வந்தவர்போல் வந்து பிலோமினம்மாளிடம் பேசினார். அவளைத் திடலுக்கு நடுவில் நிறுத்த வேண்டும். சும்மா ஒரு பெண்ணை நடுவில் நிறுத்த விதியில் இடமில்லை. எனவே கழகம் கூடி, தீர்மானம் போட்டு, அவளை அம்பயர் ஆக்கியது.

மற்ற அம்பயர்களைப்போல ஸ்டம்புக்குப் பின்னால் நின்றால் பாதிப் பாய் நனைந்துவிடும். அதனால் அவள் பாயின் நடுப்பகுதிக்குப் பக்கவாட்டில் நின்றாள். முக்காட்டுக்கு மேல் துரைமார் போடும் ஒரு சோலாத் தொப்பி. கையில் ஆறு புளியங்கொட்டை, ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றுவாள். மட்டையடிப்பவனும் பந்து வீசுபவனும் காய்ந்த தரையில் நிற்க, எல்லைக்கோட்டுக்காரர்கள் தொப்பலாக நனைந்தார்கள். காய்ந்தபடி போகும் பந்து ஈரமாகத் திரும்பிவரும். அவள் அதை முந்தானையில் துடைத்துக் கொடுப்பாள். விதிகளை விஸ்வலிங்கம் சொல்லச் சொல்லப் பிடித்துக்கொண்டாள். காலில் பட்டால் அவுட் என்ற விதியைக் கேட்டு, "காலை எதுக்குய்யா நடுவுல கொண்டுபோய் வெக்கிறீங்க?" என்று கேட்டாள். அதற்கு இன்றுவரை சரியான பதில் இல்லை. எதிரணியாக வந்த துறைமுகக் குமாஸ்தாக்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ஊர் முழுக்க வேறெங்கும் ஆட்டம் நடக்கவில்லை என்று தெரிந்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

சாமியார் சொன்ன வார்த்தை கழகத்தின் காதுக்கும் வந்திருந்தது. அவள் யாரிடமாவது தன் தப்பு என்று சொல்லிவிட்டால் மழை திரும்பிவிடும், நிலம் போய்விடும். ஆகவே அவள் தீர்ப்பை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று காதும் காதும் வைத்தாற்போல ஒரு வழக்கம் ஏற்பட்டது. கையெழுத்தாகிப் போன கோப்பை மறுபடி திறக்காத ஆட்களுக்கு இது கஷ்டமே இல்லை. அவள் கையைத் தூக்கினால் போய்விடுவார்கள். மட்டையில் பட்ட பந்துக்குக் கால் அவுட் கொடுத்தால்கூட, "நல்ல தீர்ப்பு அம்மா" என்பார்கள். எதிரணிக்காரர் யாராவது வாயைத் திறந்தால் கழகத்தார் நாலு பேர் ஓடிப்போய் அவருக்குத் தேநீர் கொடுப்பார்கள். இப்படியே நான்கு மழைக்காலம் போனது. தான் ஒரு தடவையும் தவறியதில்லை என்று அவள் உண்மையாகவே நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவளை இவர்கள் மரியாதை என்ற பெயரில் பூட்டி வைத்திருந்தார்கள். செய்தது நல்ல காரியம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

1913 நவம்பர் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு சனிக்கிழமை அவள் படுக்கையிலிருந்து எழவில்லை. எருமை வீதிச் சந்து காய்ந்து கிடக்க, திடலில் முழங்கால் தண்ணீர் நின்றது. மூன்றாவது சனிக்கிழமை அவள் சம்சுன்னிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் நின்ற இடத்துக்கு மரியாதை கொடுத்துத் தண்ணீர் வடிந்தது. நகராட்சி அதிகாரி ஒருவர் குடையோடு எல்லைக்கோட்டில் நின்றார். எருமை வியாபாரியின் ஆள் அவருக்குப் பக்கத்தில் நின்றான். துறைமுகக்காரர்கள் முதலில் ஆடி முடித்தார்கள். சனிக்கிழமைக் கழகம் துரத்தியது. இருட்டுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கழகத்துக்கு மூன்று ஓட்டம் வேண்டும், கையில் ஒரே விக்கெட். மட்டையோடு நின்றவன் குலசிங்கம், தபால் ஆபீஸ்காரன். எதிர்முனையில் விஸ்வலிங்கமே நின்றார். ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்தால் போதும், நிலம் தங்கும்.

குலசிங்கம் பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். ஓர் ஓட்டம் ஆனது. இரண்டாவதுக்குத் திரும்பினான். பந்து மழைக்குள்ளிருந்து பறந்து வந்தது. அந்த நேரம் பார்த்து, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, ஒரு சொட்டு பிலோமினம்மாளின் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. காய்ச்சலில் கிடந்தவளைப் பார்க்க மழைக்கும் ஆசையாக இருந்ததோ என்னவோ. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது ஸ்டம்பு சிதறிக் கிடந்தது, எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பார்க்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. விரலைத் தூக்கினாள்.

துறைமுகக்காரர்கள் ஜெயித்த சந்தோஷத்தில் குதித்தார்கள். தோற்றுப்போன கழகமும் அதே அளவு குதித்தது. அதிகாரி தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பத் திரும்பினார். குலசிங்கம் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். ஸ்டம்புக்கு முன்னாலிருந்த கோட்டுக்கு உள்ளே ஒரு முழத் தூரம் அவன் மட்டை இழுத்த சேற்றுக் கோடு பாயில் ஈரமாகக் கிடந்தது. ஸ்டம்பு விழும் முன்பே அவன் வந்து சேர்ந்திருந்தான். பிலோமினம்மாள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு குலசிங்கத்தின் முதுகைப் பார்த்தாள்.

"நில்லுங்க தம்பி."

விஸ்வலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. அவர் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அம்மா, வேண்டாம். குடுத்த தீர்ப்பைத் திருப்பக் கூடாது. நாங்கள் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லைத்தானே."

"நீங்க கேக்கல சார். நாலு வருசமா ஒருத்தரும் கேக்கல. அதான் வெனை," என்றாள் அவள். குலசிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "நான் பாக்கல, தம்பி. பாக்காமலே கையத் தூக்கிட்டேன். என் தப்பு."

குலசிங்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "பரவாயில்லை அம்மா, விடுங்கோ," என்றான்.

அவள் விடவில்லை. ஒரு தடவை திறந்த வாய் மூட மாட்டேன் என்றது. யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னைக்குக் காலையில அவரு ஒடம்பு சரியில்ல, இன்னைக்கு வண்டி வேணாம்னாரு. மழைக்குப் பயந்தா பொழைக்க முடியுமான்னு நாந்தான் வெரட்டி அனுப்பிச்சேன். மழை என்ன பண்ணும். என் தப்பு."

மழை விழுந்தது. ஐந்து வருடம் அவளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது முழுவதையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டியது. சோலாத் தொப்பி பறந்தது. புளியங்கொட்டைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. கயிற்றுப்பாய் எழுந்து படகுபோல் மிதந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனது. அவள் முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள். புருஷன் செத்து ஐந்து வருடம் கழித்து அவள் அழுதது அன்றுதான். விஸ்வலிங்கத்துக்குக் கோபம் வந்தது. மூன்று வருட அலைச்சல் கண்ணெதிரே கரைந்தால் யாருக்குத்தான் வராது. ஏதோ சொல்ல அவளருகில் போனார். போனவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று நனைந்தார். மற்றவர்களும் வந்து நின்றார்கள், துறைமுகக்காரர்கள் உட்பட. அதிகாரி ஆட்டம் முடியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதியது சரிதான்.

பொங்கலுக்குள் எருமைகள் வந்துவிட்டன. அந்தச் சேறு அவற்றுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சனிக்கிழமைக் கழகம் அதன் பிறகு பந்தயத் திடலின் ஓர் ஓரத்தில், குதிரைகள் ஓடாத நாட்களில் மட்டும் ஆடியது. நவம்பர், டிசம்பரில் எல்லோரையும்போல வீட்டில் உட்கார்ந்திருந்தது. அம்பயர் அவளேதான். தேவை இல்லாவிட்டாலும் அவள் இல்லாமல் ஆட அவர்களுக்கு மனசு வரவில்லை. இப்போது அவள் கையைத் தூக்கினால் நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். "எங்கேயம்மா பட்டது, சொல்லுங்கோ பாப்பம்" என்று விஸ்வலிங்கமே கத்தினார். சில சமயம் அவள் தீர்ப்பை மாற்றிக்கொண்டாள், பல சமயம் மாற்றவில்லை.

மழைக்கும் அவளுக்கும் பழைய உறவு வந்துவிட்டது, கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. மேகம் கட்டினால் செரங்கூன் ரோட்டில் முதல் தூறல் அவள் மேல்தான் விழும், மற்றவர்களுக்குச் சற்றுப் பொறுத்துத்தான். அவள் தோள் நனைவதைப் பார்த்துச் சந்துப் பெண்கள் காயப்போட்ட துணியை எடுத்தார்கள், திடலில் கழகத்தார் பாயைச் சுருட்டினார்கள். எல்லோரும் ஓடி ஒதுங்கிய பிறகு அவள் மெதுவாக வருவாள்.