ஞமலிக்கு ஒரு பதில்

எங்கள் சொற்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் நாற்காலியில் இருப்பவர் புழங்காத சொல் ஒன்றைக் கொடுத்து, அதை வைத்துத் தாமே ஒரு பாட்டும் சொல்வார். மற்றவர்கள் பெயர் போடாமல் பதில் பாட்டு எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றைத் தலைவரே உரக்கப் படிக்க வேண்டும். அவர் தடுமாறினால் சபையில் எவரும் 'மறுபடி' என்று சொல்லலாம். முதலிலிருந்து படித்தாக வேண்டும்.

அன்று நூலக மாடியில் அந்த நாற்காலியில் இருந்தவர் என் சம்பந்தி, என் மகளின் மாமனார். அவர் கொடுத்த சொல், ஞமலி.

"ஞமலியா? நம்ம எலியா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நாய்ங்க! நாய்னு சொன்னா அடிக்க வருவான். ஞமலின்னு சொன்னா அகராதியத் தேடுவான்" என்ற சம்பந்தி, என் பக்கத்தில் இருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டே பாடினார்:

"அண்ணன் தட்டில் மிஞ்சிய தெல்லாம்
உண்ணும் ஞமலி, உறக்கமே உத்தியோகம்."

சபை சிரித்தது. தம்பி கலியாணம் செய்துகொள்ளாமல் என் வீட்டில் சாப்பிடுகிறவன் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பா போனதும் படிப்பை விட்டுவிட்டு எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்க உட்கார்ந்தவன் அவன். எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டது அவன் கை. சம்பந்தி மூக்கில் இருந்த கண்ணாடியும் அவன் தேய்த்ததுதான்.

மறுநாள் முதல் தம்பி சாப்பிட வரவில்லை. கடையின் பின்னறையில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். என் மனைவி தூக்குச்சட்டியோடு போனாள். "பசியில்ல அண்ணி" என்று திருப்பி அனுப்பிவிட்டான். திறக்காத சட்டியை அவள் மேசையில் வைத்தாள்.

"விடுங்க, நம்ம பொண்ணு அந்த வீட்ல வாழுது" என்றாள்.

"அதுக்காக என் தம்பி நாயாகணுமா?"

அவன் மறுபடி என் மேசையில் உட்கார வேண்டும். அதற்கு முன் சம்பந்தியின் வாய் மூட வேண்டும். அதையும் அவர் வாயாலேயே மூட வேண்டும். உட்கார்ந்து எழுதினேன்.

அடுத்த கூட்டத்துக்குச் சம்பந்தி தம் மூன்று மகன்களோடும் மருமகள்களோடும் வந்தார். முதல் சீட்டைப் பிரித்தார்:

"ஞமலி வளர்த்தேன் நம்மெலி பிடிக்க;
அமளி ஆனது அடுக்களை முழுதும்."

எல்லாரும் மருந்துக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சம்பந்தி சிரிப்போடே அடுத்த சீட்டை எடுத்தார். அது என்னுடையது.

"கடைவாசல் காக்கும் ஞமலிக்கு வீடு
கடைசிவரை ஒன்றே; கறிமணம் தேடி
நடுமகன் வீட்டிலும் மூத்தவன்..."

படிப்பது அங்கேயே நின்றது. கடைசி மகனான என் மருமகனோடு இருக்கும் சம்பந்தி, மற்ற இரண்டு வீட்டு அடுப்பும் மணக்கும் நேரம் பார்த்து அங்கே போய் நிற்பார் என்பது சபைக்கே தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்ணாடி சரியில்ல."

"என் தம்பி தேய்ச்சது. அதுல பழுது வராது" என்றேன்.

அவர் சீட்டை மடித்தார். "சம்பந்தி, உங்க பொண்ணு எங்க வீட்லதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

இதை அத்தனை பேர் நடுவில் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

"மறுபடி."

எழுந்து நின்றவள் என் மகள். "தடுமாறிட்டீங்க மாமா. மொதல்லேருந்து படிங்க. சித்தப்பா படிக்கட்டுல நிக்கிறாரு, நான்தான் வரச் சொன்னேன். அவருக்குக் கேக்கணும்."

படிக்கட்டை ஒட்டிய கதவருகே தம்பி நின்றிருந்தான். சம்பந்தி தம் மகன்களைப் பார்த்தார். மூவரும் தரையைப் பார்த்தார்கள். வழக்கத்தை மீற அவரால் முடியவில்லை. முதலிலிருந்து படித்தார்:

"...நடுமகன் வீட்டிலும் மூத்தவன் வீட்டிலும்
படியேறிப் பார்க்கும் பிராணியே, நீ யார்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தம்பி என்னிடம் வந்தான். "வாங்கண்ணே, பசிக்குது. அண்ணிகிட்ட ஞமலி வருதுன்னு சொல்லிருங்க."

சமாதானம் பேச வருவதாகச் சம்பந்தி மறுநாளே மருமகனிடம் சொல்லியனுப்பினார். வரட்டும் என்றேன். மத்தியானம், என் தம்பி சாப்பிடும் நேரத்தில் வரட்டும். அவன் கை கழுவும்வரை நிற்கட்டும். பிறகு அவன் உட்காரச் சொன்னால் உட்காரலாம்.