நடுத்துண்டு

சீலா மீன் துண்டுகளில் மசாலாவை அப்பிக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய், நடுத்துண்டு எது என்று பார்த்துத் தனியாக எடுத்து வைத்தாள். முந்தாநாள் மத்தியானம் செத்து, நேற்று சயான் சுடுகாட்டில் எரிந்து முடிந்த அவள் புருசன் அய்யாத்துரைக்கு அது. இன்று காடாத்து. ஆண்கள் போய்ச் சாம்பலில் பால் ஊற்றி, செத்தவர் ஆசைப்பட்டுத் தின்றதை இலையில் வைத்துக் கும்பிட்டு வருவார்கள். கவிச்சியாகவே இருந்தாலும் அவர்கள் வழக்கத்தில் தப்பில்லை. ஆக்கிக் கொடுத்து அனுப்புவதோடு பெண்டாட்டி வேலை முடிந்தது.

"நாலு துண்டு போதும்லா, மைனி?" என்று கேட்டாள் பானுமதி. அய்யாத்துரையின் தங்கை, அம்பர்நாத்திலிருந்து வந்திருந்தாள்.

"எல்லாத்தையும் வறுப்போம். கடல்ல கெடந்த மனுசன். மீனில்லாம அவியளுக்கு என்ன சோறு?"

அய்யாத்துரை ஒரு யாட்டில் சமையல்காரர். ஆறு விருந்தாளிகள் தங்குகிற பெரிய உல்லாசப் படகு. மழை ஓய்ந்ததும் அந்தமான் பக்கம் போனால், தீவு தீவாகச் சுற்றிவிட்டு அடுத்த மழைக்குத்தான் தாராவிக்குத் திரும்புவார். ஒரு தீவுக்கும் அடுத்த தீவுக்கும் நடுவில் டவர் கிடையாது. போன் வந்த அன்றைக்குத் தீபாவளி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருசம். சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு வருசம் தேறாது. குழாயடியில் மற்ற பெண்கள் புருசனைப் பற்றி ஆயிரம் குறை சொல்வார்கள். குறை சொல்லும் அளவுக்குக்கூட ஆறுமுகத்தாய்க்கு அவரைத் தெரியாது. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அவருக்கு மீன் என்றால் உயிர்.

அதுவும் பாருங்கள், அவர் வீட்டில் இருக்கிற மாதங்களில்தான் மும்பையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீனவர் குடியிருப்பான கோளிவாடாவில் ஐஸில் கிடக்கிற மீனுக்கு ஆனை விலை குதிரை விலை சொல்வார்கள். மகன் ஹரி மீன் தின்னமாட்டான். மற்ற மாதங்களில் தன் ஒருத்திக்காக மீன் எதற்கு என்று அந்தப் பக்கமே போகாதவள், அவர் வந்துவிட்டால் முழங்கால் தண்ணீரில் குடையோடு போய், கோளிப் பெண்களிடம் மல்லுக்கட்டி வாங்கி வருவாள். தட்டில் வைத்தால் ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு சரியா இருக்கு, தாயி" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் சமைத்துப் போடுகிறவர் வாயிலிருந்து அது வந்தால் போதாதா? பிறகு நடுத்துண்டை அவள் தட்டுக்குத் தள்ளிவிடுவார். அந்த ஒரு தள்ளலுக்காக ஒன்பது மாதம் காத்துக் கிடக்கலாம் என்று இருக்கும் அவளுக்கு.

முந்தாநாளும் அப்படித்தான். காலையில், "வீட்டுல உருளைக்கெழங்கு கெடக்கா?" என்று கேட்டார்.

"நல்லா கேட்டிய! கடல்லேருந்து வந்த மனுசனுக்குக் கெழங்கா போடுவேன்?" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் குழம்பும் வறுவலுமாகச் சாப்பிட்டார். உப்பு சரியாக இருந்தது. நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. 'ஆசப்பட்டத தின்னுட்டுத்தான் போயிருக்காவ' என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த ஓர் ஆறுதல்தான் இரண்டு நாளாக அவளை நிற்க வைத்திருந்தது.

எண்ணெய் காய்ந்து முதல் துண்டைப் போடும்போது வாசலில் "பாபி" என்று குரல் கேட்டது. பைசான். குர்லாக்காரன்; பதினோரு வருசமாக அதே படகில் டெக் வேலை பார்க்கிறவன். அய்யாத்துரை அவனுக்குப் பாய், அதாவது அண்ணன்; அவள் பாபி, அண்ணி. மாமனார் ஊருக்குப் போயிருந்தவன், சேதி கேட்டு ரயிலேறி இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். அவனுடைய தமிழ் முழுக்க அய்யாத்துரையிடம் கற்றது. அதனால் இந்திக்கு நடுவே திருநெல்வேலி எட்டிப் பார்க்கும்.

படத்தின் முன்னால் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினான்.

"மச்லி யாருக்கு, பாபி?"

"ஒங்க பாய்க்குத்தான். காடாத்துக்கு."

பைசான் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு ஜன்னலுக்கு வெளியே பெய்கிற மழையைப் பார்க்க ஆரம்பித்தான்.

"என்னப்பா?"

"குச் நஹி, பாபி."

"சொல்ல வந்தத முழுங்காத. சொல்லு."

"பாய் மீன் தொட மாட்டாரே," என்றான் மெதுவாக. "படகுல ஒரு நாளும் தின்னது இல்ல. கெஸ்டுக்குத் தினம் வெட்டணும், கழுவணும், சுடணும். அந்த வாடையே அவருக்கு ஆவாது. ஊருக்குக் கெளம்பும்போது எலுமிச்சங்காய வச்சு விரலத் தேய் தேய்னு தேய்ப்பாரு."

"பின்ன என்னதான் தின்னாரு எங்க அண்ணன்?" என்றாள் பானுமதி. கோபமாகத்தான் கேட்டாள்.

"ஆலு. உருளைக்கெழங்கு. பேரே இல்லாத தீவெல்லாம் இருக்கு, பாபி. மனுசன் கெடையாது, வெள்ள மணலு மட்டும்தான். அங்க நங்கூரம் போட்டு, கெஸ்ட் எல்லாம் தண்ணில குதிச்சிட்டா எங்களுக்கு ஒரு மணி நேரம் சுட்டி, லீவு. பாய் கெழங்க அவிச்சு, உப்பு, பச்ச மொளகா, வெங்காயம், கொஞ்சூண்டு நல்லெண்ணெய் ஊத்தி, கையாலயே பெசைவாரு. படகு பின்னால உக்காந்து, காலத் தண்ணில தொங்கப் போட்டுக்கிட்டுத் தின்னுவாரு. 'இதாம்ல சோறு'ன்னுவாரு."

'இதாம்ல' என்று அவன் சொன்னபோது அய்யாத்துரையே சொன்ன மாதிரி இருந்தது. வாணலியில் மீன் கருகும் வாடை எழுந்தது. பானுமதி எட்டி அடுப்பை அணைத்தாள்.

ஆறுமுகத்தாய்க்கு அவரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதுவும் பொய்யாகிவிட்டது. இருபத்திரண்டு வருசமாக யாருக்குச் சமைத்தாள்?

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா?" படத்தைப் பார்த்துத்தான் கத்தினாள். "கெழங்கு கெடக்கான்னு கேட்டாவளே, பானு! கடேசியா அதத்தான கேட்டாவ!"

இரண்டு நாளாக அழுததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி அழுதாள். பைசான் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவள் ஓய்ந்த பிறகு சொன்னான்.

"நானும் கேட்டேன், பாபி. ஏன் சொல்லலன்னு. சிரிச்சாரு. 'அவளுக்குத்தான்டா மீனுன்னா உயிரு. நான் இல்லாட்டி அவ தனக்குன்னு ஒரு துண்டு வாங்க மாட்டா. எனக்குன்னு சொன்னாத்தான் வாங்குவா. மூணு மாசம் தின்னா செத்தா போவேன்'ன்னாரு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

ஆறுமுகத்தாய் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். இரண்டு வெங்காயம் மட்டும் உருண்டது.

"மைனி, நீங்க வெளிய போகப்பிடாது," என்றாள் பானுமதி.

பைசான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஈரத்தோடு அரை கிலோ கிழங்கு வந்தது. குக்கரைத் திறந்து, ஆறும்வரை பொறுக்காமல் தோலை உரித்தாள். பைசான் சொன்ன வரிசையிலேயே உப்பு, மிளகாய், வெங்காயம், நல்லெண்ணெய். சூடு உள்ளங்கையைப் பொசுக்கியது. கரண்டி எடுக்கவில்லை, கையாலேயே பிசைந்தாள்.

"அம்மா, டைம் ஆயிட்டு," என்று மகன் ஹரி தெருவிலிருந்து கூப்பிட்டான். டாக்ஸி நின்றுகொண்டிருந்தது.

"ஒரு துண்டு மீனும் வைப்பமா, மைனி? வந்தவங்க என்ன சொல்லுவாங்க?"

"வேண்டாம், பானு. அவிய தின்ன வரைக்கும் போதும்."

டப்பாவை மூடி, பால் செம்போடு பைசான் கையில் கொடுத்தாள். டாக்ஸி தொண்ணூறடி ரோட்டில் திரும்பிப் போகும்வரை ஜன்னலில் நின்றாள். பிறகு வந்து அடுப்பைப் பற்றவைத்து, மிச்சத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாகப் பொரித்தெடுத்தாள்.

"முந்தாநாள்லேருந்து பச்சத்தண்ணி குடிக்கல நீங்க. ரெண்டு வாய் தின்னுங்க," என்று பானுமதி சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

ஆறுமுகத்தாய் நடுத்துண்டைத் தன் தட்டில் எடுத்து வைத்தாள். முள்ளை விலக்கி ஒரு வாய் தின்றாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.