பியானோக்காரியின் செத்த விரல்கள்

பியானோக்காரியின் இடது கை மோதிர விரல் இறந்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. மற்ற ஒன்பது விரல்களும் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தன. அந்த விரல் யாருக்குமே சவலைதான், தனியாக எழும்பாது. பியானோ வாசிக்கிறவர்கள் ஒரு வயதுக்குமேல் அதோடு அனுசரித்துப் போய்விடுவார்கள். இவளுக்கு அனுசரித்துப் போகிற பழக்கமெல்லாம் கிடையாது. மற்ற நாலையும் பியானோக் கட்டைகள்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் தினம் நாலாயிரம் தடவை தூக்கித் தூக்கி அடிக்க வைத்தாள். பதினோராவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காப்பி ஆறுவதற்குள் விரல் வெளுத்து ஜில்லிட்டுப் போயிற்று.

டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, "விரல் செத்துப்போச்சும்மா, எடுத்துடலாம்" என்றார். "முன்னைவிட நல்லா வாசிக்குதே, எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டு எழுந்து வந்துவிட்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. செத்த விரலுக்குச் சோர்வு கிடையாது, வேர்வை கிடையாது, சபைக் கூச்சம் கிடையாது. பழக்கிய பலத்தில் மயிரிழை பிசகாமல் விழுந்தது. அந்த வருஷம் பத்திரிகைகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. அவளும் சும்மா இருப்பாளா? அடுத்த விரலைப் பிடித்தாள்.

வருஷத்துக்கு ஒன்றாகப் போயின. அரங்கங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கச்சேரி ஏற்பாடு செய்கிறவர் ஃபோனில் முதலில் கேட்பதே, "மேடத்துக்கு இன்னும் எத்தனை உயிரோட இருக்கு?" என்பதுதான். அவள் புருஷன் பியானோ ட்யூனர். அவள் வாசிக்கப் போகிற ஒவ்வொரு பியானோவையும் காலையிலேயே போய்ப் பிரித்து, சரிசெய்து, சுருதி சேர்த்து வைப்பது அவன் வேலை. எந்த விரல் செத்தது, எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். சாப்பிடும்போது அவள் கை தட்டில் பட்டால் கரண்டி பட்ட சத்தம் வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க அவனுக்குப் பயமாக இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொன்னால் அழுகையும் வந்தது.

ஒன்பது போய், வலது கைப் பெருவிரல் மட்டும் மிஞ்சியது. "அதுவும் போனா அடுத்தது மணிக்கட்டு, அப்புறம் நேரா நெஞ்சுதான்" என்று டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்து அவளிடம் கெஞ்சினான். "இந்த ஒரு கச்சேரி முடியட்டுங்க" என்றாள். அந்த ஒரு கச்சேரி நன்றாக அமைந்தால் போதும், கூப்பிட நாற்பது நகரங்கள் வரிசையில் நின்றன. பெருவிரல் நகம் ஏற்கனவே நீலம் பூத்திருந்தது.

கச்சேரி நாள் காலை ட்யூனர் வழக்கம்போல அரங்கத்துக்குப் போனான். கட்டைகளை வெளியே இழுத்து, ஒவ்வொன்றின் பின்கோடியிலும் சின்ன ஈயத்துண்டு ஒன்றை ஒட்டினான். அதனால் கட்டை கனத்துப்போகும், அழுத்த அதிகப் பலம் வேண்டும். உயிருள்ள விரலுக்கு இது பெரிய விஷயமில்லை, நாலு ஸ்வரத்துக்குள் எடை புரிந்து அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். செத்த விரலுக்கு என்ன தெரியும், பாவம்.

அன்று அவள் நாற்பது நிமிஷம் வாசித்தாள். ஒன்பது விரல்களும் பழைய பலத்திலேயே ஓடின, ஒன்றும் ஒலிக்கவில்லை. பெருவிரல் அடித்த ஸ்வரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டன. அவளுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. என்ன அதட்டியும் விரல்கள் கேட்கவில்லை. முதலில் யாரோ இருமினார்கள், அப்புறம் நாற்காலிகள் கிறீச்சிட்டன. அவள் எழுந்து வணங்கியபோது முன்வரிசையில் மூன்று பேர் இருந்தார்கள். அரங்கத்து ஆள் வந்து பியானோவைச் சோதிப்பதற்குள் ட்யூனர் ஈயத்தை எடுத்துவிட்டான். குற்றம் அவள் தலையில் விழுந்தது. நாற்பது நகரங்களில் ஒன்றுகூட அப்புறம் பேசவில்லை.

அவள் வாசிப்பதை நிறுத்தினாள். நாலாம் மாதம் வலது ஆள்காட்டி விரல் உயிரோடு எழுந்தது, மூன்று நாள் வலியில் கத்தினாள். பிறகு வருஷத்துக்கு ஒன்றாக எல்லாம் திரும்பின. திரும்பிய விரல்களை ஒருமுறை கட்டைகள்மேல் வைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வாசிக்கிற மாதிரி இருந்தது. மூடியைச் சாத்திவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். "எனக்கு ஏன் அன்னிக்கு அப்படி ஆச்சு?" என்று எட்டு வருஷத்துக்கும் மேலாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி விரலும் வந்துசேர்ந்த அன்று ட்யூனருக்குத் தாங்கவில்லை.

"ஈயம் வெச்சது நான்தான்."

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். பிறகு, "எத்தனை கட்டைக்கு?" என்று கேட்டாள்.

"எண்பத்தெட்டுக்கும்."

ஓங்கி ஒரு அறை விட்டாள். ட்யூனர் கண்ணாடிமுன் போய் நின்று கன்னத்தைப் பார்த்தான். ஐந்து விரலும் பதிந்திருந்தன, ஐந்தும் கொதித்தன. குழந்தைபோலத் தேம்பித் தேம்பி அழுதான். சந்தோஷத்தில்தான். அவள் அன்றே பெட்டியை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனாள், இருபத்தாறு வருஷம் உயிரோடு இருந்தாள், ஒரு தடவைகூட அவனிடம் பேசவில்லை. கன்னத்துத் தடம் ஆறவும் இல்லை, மறையவும் இல்லை. குளிர் நாட்களில் ட்யூனர் உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வேலைக்குப் போவான்.