நண்பகல் படத்தில் இல்லாத புகை

காட்டுத்தீயின் புகை எத்திசையில் நகர்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களில் பின்தொடரும் அந்த அலுவலகத்தில், அவருக்குப் 'புகைக்கண்ணர்' என்று பெயர். நண்பகல் படத்தில் புகைக்கு எல்லைக்கோடு வரைந்து அனுப்பாமல் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததே இல்லை. பசி காதை அடைத்தாலும் கோடுதான் முதலில்.

அன்று காலைப் படத்தில் ஆற்றங்கரை நகரத்தின்மேல் பழுப்பாகக் கிடந்த புகை, நண்பகல் படத்தில் காணவில்லை. அந்நேரம் பார்த்து அவருடைய அக்காள் தொலைபேசியில் அழைத்தாள். அந்நகரத்துப் பள்ளியின் தலைமையாசிரியை.

"தம்பி, வகுப்புக்குள்ளயே அடைஞ்சு கிடந்து பிள்ளைங்க என் உயிர வாங்குதுங்க. மைதானத்துல விடலாமா? என் பையனுக்கு வேற இழுப்பு. பாத்துச் சொல்லு."

பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்தாள். "அவசரப்படாதீங்கண்ணே. வெயில் உச்சிக்கு வந்தா மெல்லிய புகை படத்துல தெரியாது. சாயங்காலப் படம் வரட்டும்."

"உனக்குக் கொசுவத்தி ஏத்தினாலே காட்டுத்தீதான்!" என்றார். அறையே சிரித்தது. அந்நகரத்துக்குக் காலையில் விடுத்திருந்த புகை எச்சரிக்கையை நீக்கிவிட்டு, "விடுக்கா, வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லி டப்பாவைத் திறந்தார்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? வெயில் சாய்ந்ததும் வந்த படத்தில் அதே நகரம், அதே பழுப்பு, முன்னிலும் அகலமாக. உடனே அக்காளை அழைத்தார்.

"ஆஸ்பத்திரியில இருக்கோம். பையனுக்கு முகமூடி போட்டு மருந்த ஆவியா குடுக்குறாங்க. இன்னும் சில பிள்ளைங்களுக்கும் ஓயாத இருமல். உன் பேச்ச நம்பித்தானேடா விட்டேன்?"

இத்தகைய நேரத்தில் 'திருத்தம்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்வது அலுவலக வழக்கம். அவரோ எச்சரிக்கையை மீண்டும் விடுத்து, அதன்கீழ், 'புகை விலகவில்லை. உடன் பணிபுரிபவர் தடுத்தும் கேளாமல் எச்சரிக்கையை நீக்கியது என் தவறு' என்று எழுதித் தம் பெயரையும் சேர்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"எல்லார் முன்னாடியும் உன்னைக் கேலி பண்ணினேன்மா. மன்னிப்பும் எல்லார் முன்னாடியும்தான் கேக்கணும். இனிமே நீ பாக்காம நண்பகல் கோடு வெளிய போகாது."

"முதல்ல அக்காகிட்ட போங்கண்ணே. கோட்ட நான் பாத்துக்கறேன்."

மருத்துவமனையில் அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகனின் முகமூடிக்குள் மருந்து வெண்ணிற ஆவியாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"மாமா, இது நல்ல புகையா?"

"நல்லதுதான்டா கண்ணா. நான் சொல்லல, டாக்டர் சொன்னாங்க."

அக்காளின் உதட்டோரம் சற்றே சிரிப்பு நெளிந்தது.

"இருமுற பிள்ளைங்க வீடெல்லாம் எங்க இருக்குக்கா? ஒவ்வொரு வீட்டுலயும் நானே போய்ச் சொல்லணும், தப்பு உன் மேல இல்ல, என் மேலன்னு."

வழி சொல்லத் தொடங்கினாள் அக்காள்.